சுள்ளி பொறுக்கிய அந்நியர்



அப்போஸ்தலருடைய நடபடிகளின் கடைசி அதிகாரத்தை வாசிக்கும்போது நம் கண்கள் விரைந்து சென்று விரியன்பாம்பின்மேல் நின்றுவிடுகின்றன. பாம்பு பவுலின் கையைக் கவ்வியதும், அவர் அதைத் தீயிலே உதறியதும், ஒரு தீங்கும் நேராமல் நின்றதும் ஓய்வுநாள் பாடசாலைக் காலத்திலிருந்தே நமக்குப் பழக்கமான காட்சிகள். ஆனால் அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது? பவுல் சேர்த்துக் கொண்டுவந்த விறகிலிருந்து வந்தது. விறகு எதற்கு? தீவின் மக்கள் மூட்டிய தீக்காக. தீ எதற்கு? மழை பெய்தது, குளிர் வாட்டியது, கரை சேர்ந்தவர்கள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அற்புதத்துக்கு முன்னே அங்கே ஒரு வானிலை இருக்கிறது. அந்த வானிலையின் கீழே ஊராரும் வெளியாரும் ஒரே தீயைச் சுற்றி நிற்கிறார்கள். இந்த வாரம் பாம்பைச் சற்று விட்டுவிட்டு, அந்த மழையையும் தீயையும் சுள்ளிகளையும் குறித்துச் சிந்திப்போம்.

இதைச் சிந்திக்க ஒரு காரணமும் உண்டு. நம்மில் பலருடைய வீடுகளில் வெளிநாட்டில் வாழும் ஒருவர் இருக்கிறார். நாமும் எங்கேயோ ஒரு காலத்தில் அந்நியராய் இருந்திருக்கிறோம். அல்லது நம் தெருவுக்கு வந்த அந்நியரை ஐயத்தோடு பார்த்திருக்கிறோம். பிறதேசத்தில் வாழ்வது எப்படி, பிறதேசத்தாரோடு வாழ்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஒரு தீயின் அருகே விடை இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம்முடைய வேதாகமம் மெலித்தா என்று சொல்லும் தீவை இன்றைய உலகம் மால்டா என்று அழைக்கிறது. வேறு தீவுகளையும் சுட்டிக்காட்டுகிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. எனினும் சபையின் நீண்ட பாரம்பரியம் மால்டாவையே சொல்லி வந்திருக்கிறது. மத்தியதரைக் கடலின் நடுவிலே, சிசிலிக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கிற சுண்ணாம்புக்கல் தீவு அது. அருகிலுள்ள கோசோ, கொமினோ தீவுகளையும் சேர்த்தாலும் அந்த நாட்டின் பரப்பு 316 சதுரக் கிலோமீட்டர்தான். அங்கே நிலையாக ஓடும் ஓர் ஆறு இல்லை. ஓர் ஏரியும் இல்லை. நீண்ட வறண்ட கோடை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரையான குளிர்காலத்திலே பெரும்பங்கு மழை. லூக்கா குறிப்பிடும் காலத்தைக் கவனியுங்கள். உபவாசநாள் கழிந்த பின்பு, கடற்பயணம் ஆபத்தாகிவிட்ட பருவத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். தீவிலே மூன்று மாதம் தங்கினார்கள். மால்டாவின் மழைக்காலத்தின் பெரும்பகுதியைப் பவுல் அங்கே கழித்தார் என்றே கொள்ளலாம். மழையும் குளிரும் என்று லூக்கா எழுதியது அந்தத் தீவின் குளிர்காலத்துக்கு இன்றும் பொருந்துகிறது.

இன்று அந்தத் தீவுக்குக் கப்பற்சேதம் இல்லாமலே அந்நியர் வந்து சேருகிறார்கள். 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெளிநாட்டவர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. 2021 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலோ, ஐந்து இலட்சத்து இருபதாயிரத்தை நெருங்கிய மொத்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். பத்தே ஆண்டுகளில் ஒரு சிறு தீவுக்கு நேர்ந்த மாற்றம் இது. ஓய்வூதியத்தோடு வெயிலைத் தேடி வந்த பிரிட்டிஷார், வேலை தேடி வந்த இத்தாலியர், மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் இந்தியரும் பிலிப்பினோக்களும், கட்டடம் கட்டுகிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், இருசக்கர வண்டியில் உணவுப் பொதி சுமக்கிறவர்கள் எனப் பலதரப்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். மால்டிய மொழியில் வெளியாருக்குப் ‘பர்ராணி’ என்று பெயர். ‘பர்ரா’ என்றால் வெளியே. வீட்டுக்கு வெளியே நிற்பவன் என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

வெளிநாட்டு வாழ்க்கை என்றவுடன் நாம் சம்பளத்தையும் நிழற்படங்களையும் நினைக்கிறோம். நாள்தோறும் வாழ்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் வீட்டையும் வானிலையையும் சமாளிக்கும் கதையாகவே இருக்கிறது. மால்டாவின் வீடுகள் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. அவை வெயிலைத் தாங்கப் பிறந்தவை. குளிரை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. ஜனவரி இரவிலும் அங்கே வெப்பநிலை பனி உறையும் அளவுக்கு இறங்குவது அரிது. ஆயினும் பனி பெய்யும் வடநாடுகளிலிருந்து வந்தவர்களே, தங்கள் ஊரில் வீட்டுக்குள் இப்படி நடுங்கியதில்லை என்று சொல்லுகிறார்கள். அந்தக் கல் ஈரத்தை உறிஞ்சுகிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. அலமாரியில் மடித்து வைத்த துணியில் ஈரவாடை ஏறுகிறது. படுக்கை விரிப்பு நனைந்ததுபோல் சில்லிடுகிறது. வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஓர் அறையில் எரிவாயு அடுப்புபோன்ற ஒரு சூடேற்றி, மற்றோர் அறையில் ஈரத்தை இழுக்கும் ஓர் இயந்திரம். இவற்றைச் சுற்றியே குளிர்காலம் கழிகிறது.

பிறகு காற்று. மால்டியருக்குக் காற்று ஒவ்வொன்றும் பெயருடைய அயலான். தென்கிழக்கிலிருந்து வருவது ‘ஷ்லொக்’. அது சகாராவின் புழுதியையும் கடலின் ஈரத்தையும் ஒன்றாய்ச் சுமந்து வரும். அந்தப் புழுதியோடு மழை பெய்தால் மாடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் செம்மண் கறையாகும். கோடை முடிந்து முதல் பெருமழை பெய்யும்போது, பள்ளத்தாக்குகளின் வாயில் அமைந்த பிர்கிர்காரா, இம்சீதா போன்ற ஊர்களின் தெருக்கள் சற்று நேரத்துக்கு ஆறுகளாக மாறிவிடும். ஆறில்லாத தீவில் ஆறு ஓடுவது அப்பொழுதுதான். அந்த நீரோ தங்குவதில்லை; கடலுக்குப் போய்விடுகிறது. ஆகவே குழாயில் வரும் நீரில் பாதிக்கு மேற்பட்டது கடல்நீரை உப்பகற்றி எடுத்ததாக இருக்கிறது. வல்லெட்டா நகரம் 1566 ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பட்ட காலத்தில், ஒவ்வொரு வீட்டின் கீழும் மழைநீரைச் சேமிக்கும் தொட்டி இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அந்த முன்னோருக்கு மழை ஒரு தொல்லையாகத் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்தாளியாகத் தெரிந்தது. விருந்தாளிக்கு முன்னதாகவே இடம் ஒதுக்கி வைத்தார்கள்.

அண்மை ஆண்டுகளில் வானிலையின் போக்கே மாறிவருகிறது. 2023 ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்தியதரைக் கடல் முழுவதும் அனல் வீசியபோது மால்டாவில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட நாட்களில் நிலம் இரவிலும் ஆறவில்லை. சூடேறிய மண்ணுக்குள் கிடந்த உயர் அழுத்த மின்கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுபட்டன. பல நாட்கள், பல ஊர்களில், மணிக்கணக்காக மின்சாரம் இல்லை. குளிர்சாதனமும் இல்லை, மின்விசிறியும் இல்லை, குளிர்பெட்டியில் வைத்த உணவு கெட்டது, மின்தூக்கி நின்றுபோன கட்டடங்களில் முதியோர் மேல்மாடிகளில் அடைபட்டார்கள். அந்த இருட்டிலே வீட்டுக்கு உடையவரும் வாடகைக்கு இருந்தவரும் ஒரேவிதமாய் வியர்த்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2019 ஆம் ஆண்டு பிப்ரவரி 23, 24 தேதிகளில் வேறொரு வகைச் சோதனை வந்தது. வடகிழக்கிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று மோதியது. மரங்கள் சாய்ந்தன, மதில்கள் இடிந்தன, கரையோரச் சாலைகளில் கடல் ஏறி வந்தது. ஷெம்ஷியா என்னும் கரையோர ஊரில் அலைகள் மீன்களை அள்ளிச் சாலையிலே எறிந்தன. மக்கள் பைகளோடு வந்து பொறுக்கிச் சென்றார்கள். மால்டிய மொழியில் ‘ஷெம்ஷ்’ என்றால் சூரியன். சூரியனின் பெயரைத் தாங்கிய ஊரில் வானம் இருண்டு, தெருவில் மீன் கிடந்தது. அந்த ஊர் எங்கே இருக்கிறது தெரியுமா? பரிசுத்த பவுல் விரிகுடா என்று அழைக்கப்படும் அதே விரிகுடாவின் கரையில்தான். அந்தக் காற்றுக்கு மால்டியர் இட்ட பெயர் ‘கிரிகால்’, வடகிழக்குக் காற்று. லூக்கா யூரோக்கிலிதோன் என்று பெயர் சொல்லி எழுதிய கடுங்காற்றும் வடகிழக்கிலிருந்து அடித்ததே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுகள் கழிந்தும் அதே திசையிலிருந்து, அதே பருவத்தில், அதே கரைமேல் அந்தக் காற்று இன்னும் வந்துகொண்டிருக்கிறது. காற்று மாறவில்லை. கரையிலே நிற்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

பிரியமானவர்களே, இப்போது அந்தப் பழைய தீயண்டைக்கு வருவோம். அங்கே நடந்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தீ மூட்டியவர்கள் யாரையும் வகைபிரிக்கவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அவர்களில் நூற்றுக்கு அதிபதி இருந்தான், போர்ச்சேவகர் இருந்தார்கள், மாலுமிகள் இருந்தார்கள், கப்பலின் உடைமைக்காரன் இருந்தான், காவலில் வைக்கப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். பலகைகளையும் கப்பலின் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டு கரையேறியவர்களின் தகுதியை யாரால் கேட்டு அறிய முடியும்? நனைந்தவன் நனைந்தவனே. அந்த மக்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்களைக் குறிக்க அவர் கையாளும் சொல், கிரேக்கம் பேசாத அந்நியர் என்று பொருள்படுவது. அவர்களுடைய தயவைக் குறிக்க அவர் தேர்ந்த சொல்லோ ‘பிலாந்த்ரோப்பியா’. மனிதரை மனிதர் என்பதற்காகவே நேசிப்பது. மொழி தெரியாதவர்கள் என்று கல்வியறிந்த உலகம் ஒதுக்கிய மக்களிடத்தில், கிரேக்கர் பெருமையாய்ப் போற்றிய அந்தப் பண்பு வழக்கத்துக்கு மிஞ்சி இருந்தது என்று லூக்கா சாட்சி சொல்லுகிறார்.

இன்றோ நாம் கரைசேருகிறவர்களை வகைபிரிப்பதில் கைதேர்ந்தவர்களாகிவிட்டோம். விமானத்தில் வந்து நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு மரியாதையான பெயர். அதே விமானத்தில் வந்து பாரம் சுமக்கிறவருக்கு வேறொரு பெயர். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஓட்டைப் படகில் வந்தவருக்கு மூன்றாவது பெயர். மூவரும் ஒரே தீவில், ஒரே மழையில் நனைகிறார்கள். ஆனால் ஒருவருக்குக் கடலைப் பார்த்த மாடிவீடு. ஒருவருக்குப் பலர் நெருக்கிப் படுக்கும் ஈரச்சுவர் அறை. ஒருவருக்கு முள்வேலி சூழ்ந்த முகாம். 42 டிகிரி வெயில் எல்லார்மேலும் சமமாகத்தான் அடிக்கிறது என்று சொல்லிவிடலாம். கண்ணாடி அறைக்குள் கணினிமுன் அமர்ந்திருப்பவருக்கும், அவருக்கு மதிய உணவைச் சுமந்துகொண்டு தார்ச்சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கும் அது சமமல்ல. வானிலை பட்சபாதம் இல்லாதது. கூரைகளோ அப்படி இல்லை. தேவன் நீதியுள்ளவர்மேலும் அநீதியுள்ளவர்மேலும் மழையை அனுப்புகிறார் என்று நம் ஆண்டவர் போதித்தார். மழையை அனுப்புவது அவருடைய கிரியை. கூரையைப் பகிர்வது நம்மிடத்தில் விடப்பட்டது.

இரண்டாவது, அந்த நல்ல மக்களும் பாம்பைக் கண்டவுடன் தடுமாறினார்கள். முதலில், இவன் கொலைபாதகன், கடலுக்குத் தப்பினாலும் பழி இவனை விடவில்லை என்று எண்ணினார்கள். ஒன்றும் நேராததைக் கண்டவுடன், இவன் ஒரு தேவன் என்றார்கள். சற்று நேரத்துக்குள் ஒரே மனிதன் கொலைகாரனாகவும் தெய்வமாகவும் ஆகிவிட்டான். அவன் யாராக இருந்தான்? நனைந்துபோய், குளிர்காய விறகு பொறுக்கின ஒரு மனிதன். அதை மட்டும் அவர்கள் அந்த வேளையில் காணவில்லை.

அந்நியரைப் பற்றி இன்று நடக்கும் பேச்சுகளை உற்றுக் கேளுங்கள். இந்த இரண்டு தீர்ப்புகளும் மாறிமாறி ஒலிக்கும். வாடகை ஏறினால் அந்நியர் காரணம். சாலை நெரிந்தால் அந்நியர் காரணம். மின்கம்பி பழுதானாலும், மக்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அவர்களை நோக்கியே விரல் நீளும். மறுபக்கத்தில், வெளிநாட்டுத் தொழிலாளர் இல்லாவிட்டால் மருத்துவமனை இயங்காது, பொருளாதாரம் நின்றுவிடும் என்று அவர்களை இரட்சகராக உயர்த்துகிற பேச்சும் உண்டு. இரண்டாவது பேச்சு அன்பாகத் தோன்றுகிறது. ஆனால் பயன் இருக்கும்வரைதான் அந்த அன்பு நிற்கும். வேலை ஒப்பந்தம் முடிந்த நாளில், நோய்ப்பட்ட நாளில், அந்தத் தெய்வம் சுமையாகிவிடும். ஒருவனைப் பயத்தினால் தள்ளுவதும் பயனுக்காகப் போற்றுவதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரண்டு பக்கங்கள். குளிரில் நடுங்குகிறவன் நிரூபிக்கவேண்டியது ஒன்றுமில்லை. அவனுக்கு முதலில் தேவை தீ.

இங்கே தீவாரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாகவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மக்கள்நெருக்கம் மிகுந்த நாடு அது. தான் பிறந்த தெருவில் தன் மொழி கேட்காமற்போன முதியவரின் துக்கம் பொய்யல்ல. வாடகை உயர்ந்து, சொந்த ஊரிலேயே வீடு எடுக்க முடியாமல் திணறுகிற இளம் குடும்பத்தின் கசப்பும் பொய்யல்ல. எத்தனை பேரை வரவழைப்பது, அவர்களுக்கு வீடும் நீரும் மின்சாரமும் எங்கிருந்து வரும் என்று முன்னதாகக் கணக்கிடவேண்டியது ஆளுகிறவர்களின் கடமை. வீட்டின்கீழ் தொட்டி வெட்டாமல் மழையைக் குறைசொல்லக்கூடாது; அதுபோலவே இடம் ஆயத்தம் பண்ணாமல் ஆட்களை அழைத்துவிட்டு, வந்தவர்களைக் குறைசொல்வதும் தகாது. அன்பு திட்டமிடுதலுக்கு மாற்று அல்ல. 1566 இல் தொட்டி வெட்டியவர்கள் அறிந்திருந்தபடி, திட்டமிடுதலே அன்பின் ஒரு வடிவம்.

மால்டியரின் சரித்திரமே அவர்களுக்கு இதை நினைப்பூட்டும். இரண்டாம் உலகப் போரின் நடுவிலே, முற்றுகையிடப்பட்ட அந்தத் தீவு பட்டினியின் விளிம்பில் நின்றது. 1942 ஆகஸ்ட் மாதத்தில் 14 வணிகக் கப்பல்கள் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு தீவை நோக்கிப் புறப்பட்டன. ஐந்து மட்டுமே வந்து சேர்ந்தன. அவற்றில் கடைசியாக, சிதைந்த எண்ணெய்க் கப்பலாகிய ஒஹையோ 15 ஆம் தேதி துறைமுகத்துக்குள் இழுத்து வரப்பட்டது. மூழ்கிப்போன கப்பல்களில் மரித்த மாலுமிகள் அந்தத் தீவாருக்கு அந்நியர்களே. போர் முடிந்தபின் பல்லாயிரக்கணக்கான மால்டியர் பிழைப்பைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கப்பலேறினார்கள். அந்தத் தேசங்களின் குளிரிலே நடுங்கி, அந்நிய மொழியில் தடுமாறி, எங்கோ ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு வீட்டுக்குப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள். பர்ராணியாய் இருப்பது இன்னதென்று அந்தத் தீவு அறியும். எகிப்தில் நீங்கள் அந்நியராயிருந்ததை மறவாதேயுங்கள் என்ற பொருளில் நியாயப்பிரமாணம் இஸ்ரவேலுக்குச் சொன்னதை, ஒவ்வொரு தேசத்தாருக்கும் அவர்களுடைய சொந்தச் சரித்திரமே சொல்லுகிறது.

மூன்றாவது காரியத்தையே நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பவுல் தீயண்டையில் உட்கார்ந்து குளிர்காய்ந்துகொண்டிருக்கவில்லை. அவர் கைதி, வயதிலே தளர்ந்தவர், 14 நாட்கள் கடலில் அலைக்கழிக்கப்பட்டவர். சற்று இளைப்பாறியிருந்தாலும் யாரும் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் எழுந்துபோய்ச் சுள்ளிகளைப் பொறுக்கினார். விருந்தாளியாய் வந்தவர், தன்னைத் தாங்கும் தீக்குத் தானும் விறகு சேர்த்தார். அந்த வேலையில்தான் பாம்பு கவ்வியது. பிறர் மூட்டிய தீயில் சும்மா குளிர்காய்கிறவனைப் பாம்பு தேடி வருவதில்லை என்று ஒருவேளை சொல்லலாம். ஆனால் பாம்புக்குப் பயந்து விறகு பொறுக்காதிருந்தால் தீ அவிந்துபோகும்.

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இதையே சொல்ல விரும்புகிறேன். அந்நிய வாழ்வில் ஒரு சோதனை உண்டு: இது என் ஊர் அல்ல, சில ஆண்டுகள் சம்பாதித்துவிட்டுப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஊரின்மேல் பாரமற்று வாழ்வது. அப்படி வாழ்கிறவன் பத்து ஆண்டுகள் இருந்தும் அயலாரின் பெயரை அறியான். ஊர்மொழியில் நன்றி சொல்லவும் கல்லான். மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழியாக இருப்பதால் அங்கே அது இன்னும் எளிது. ஈரச்சுவரையும் பேருந்துத் தாமதத்தையும் வெயிலையும் பற்றித் தன் நாட்டாரோடு கூடிக் குறைசொல்லுவதே அவனுடைய மாலைப்பொழுதாகிவிடும். குறைகள் உண்மையானவைதாம். ஆனால் பவுல் மூன்று மாதமே அங்கே தங்கினார்; அதுவும் காவலில். அந்த மூன்று மாதத்துக்குள் தீவின் முதல்வனாகிய புபிலியுவின் வீட்டுக்குப் போனார். காய்ச்சலினாலும் வயிற்றுக்கடுப்பினாலும் கிடந்த அவனுடைய தகப்பனுக்காக ஜெபித்தார். தீவிலிருந்த மற்ற நோயாளிகளும் அவரிடத்தில் வந்தார்கள். அவர் புறப்பட்ட நாளில் ஊரார் வழிக்கு வேண்டியவைகளைக் கப்பலில் ஏற்றினார்கள். கொஞ்சக் காலம்தானே என்பது அன்புகூராமலிருக்கப் போதுமான காரணம் அல்ல. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபமும் இதையே போதிக்கிறது: நீங்கள் குடியிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம்.

சுள்ளி என்றால் பெரிய காரியம் அல்ல. காய்ந்த சிறு குச்சி. மின்சாரம் நின்ற இரவில் மேல்மாடியில் இருக்கும் முதியவருக்கு ஒரு குடம் நீர் ஏற்றிக் கொடுப்பது ஒரு சுள்ளி. முதல் மழையில் வெள்ளம் ஏறிய அயலாரின் வாசலில் துடைப்பத்தோடு நிற்பது ஒரு சுள்ளி. அந்த ஊரின் மொழியில் பத்துச் சொற்களைக் கற்று, பிழையோடாவது பேசுவது ஒரு சுள்ளி. மழைக்கு மால்டியர் ‘ஷிதா’ என்கிறார்கள் என்று அறிந்து, கடைக்காரரிடம் அந்தச் சொல்லால் வானத்தைக் காட்டினால் அவர் முகம் மலரும். உள்ளூர்க்காரருக்கும் சுள்ளி உண்டு. கொளுத்தும் வெயிலில் உணவு கொண்டுவந்தவருக்கு வாசலில் குளிர்ந்த நீர் கொடுப்பது; புதிதாய் வந்தவருக்கு, ஈரம் ஏறாமல் ஜன்னலை எந்தக் காற்றில் திறக்கவேண்டும், எந்தக் காற்றில் மூடவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது. ஒரு தீவின் ஞானம் முழுவதும் அந்த ஒரு சொல்லிக்கொடுத்தலில் அடங்கியிருக்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 10 ஆம் தேதி மால்டா முழுவதும் விடுமுறை. பவுலின் கப்பற்சேதத்தை நினைவுகூரும் பெருநாள் அது. வல்லெட்டாவின் குறுகிய தெருக்களில் அவருடைய சிலையைச் சுமந்து வருவார்கள், மாடிகளிலிருந்து காகிதத் துணுக்குகள் பனிபோல் பொழியும், வாத்தியங்கள் முழங்கும். கரை ஒதுங்கிய ஓர் அந்நியக் கைதியைத் தன் தேசத்தின் தகப்பனாகக் கொண்டாடும் நாடு உலகில் அரிது. அந்தக் கொண்டாட்டம் பெரியதுதான். ஆனால் அதே நாளில், அதே தெருவில், அந்தக் காகிதத் துணுக்குகளைப் பெருக்கி அள்ளும் கைகள் எந்தத் தேசத்துக் கைகளாயிருந்தாலும், அந்தக் கைகளை ஊர் எப்படி நடத்துகிறது என்பதிலேதான் பெருநாளின் மெய் விளங்கும். இது மால்டாவுக்கு மட்டும் சொன்ன வார்த்தை அல்ல. நாமும் பரிசுத்தவான்களின் பாடுகளைப் பிரசங்கத்தில் கேட்டுக் கண்கலங்குகிறோம். ஆலய வாசலுக்கு வெளியே நனைந்து நிற்கிறவரைக் காணத் தவறுகிறோம்.

இனிவரும் ஆண்டுகளில் காற்றும் வெயிலும் இன்னும் கடுமையாகும் என்று வானிலையை ஆராய்கிறவர்கள் எச்சரிக்கிறார்கள். உலகின் சராசரியைவிட மத்தியதரைக் கடற்பகுதி வேகமாய்ச் சூடேறி வருகிறது. அனல் மிகும்போது மனிதர் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதும் மிகும். அந்த நாளில் ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு வகை மனிதர் தேவைப்படுவார்கள்: பேர் ஊர் கேளாமல் தீ மூட்டுகிற வீட்டார், கேட்கப்படாமலே சுள்ளி பொறுக்குகிற விருந்தாளிகள். முதல் வகையார் மட்டும் இருந்தால் அவர்கள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். இரண்டாம் வகையார் மட்டும் இருந்தால் அவர்கள் விறகோடு மழையில் நிற்பார்கள். மெலித்தாவின் கரையில் இருவரும் சந்தித்தார்கள். ஆகையால் 276 பேரும் குளிர்காய்ந்தார்கள்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் அருகில் வாழும் ஓர் அந்நியரின் பெயரைக் கேட்டு அறியுங்கள். நீங்களே அந்நியராய் வாழ்கிறீர்களானால், உங்களைத் தாங்கும் ஊருக்கு உங்கள் கையால் ஒரு சுள்ளி சேருங்கள். கடுங்காற்றிலும் தம்முடையவர்களைக் கரைசேர்த்த தேவன், வீட்டாராயும் விருந்தாளிகளாயும் நம்மை ஒரே தீயண்டையில் கூட்டிச் சேர்ப்பாராக. ஆமென்.